மன்னிப்புக்கு மதிப்பெண்

தொண்ணூறுகள் முடியப் போகிற நேரம். பாளையங்கோட்டையில் அரசியல் அறிவியலில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வுக்குத் தலைப்பு தேடி அலைந்து களைத்துப்போய், பஞ்சாயத்துத் தேர்தல் பற்றி எழுதுகிறேன் என்று வழிகாட்டியிடம் சொன்னேன். எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லோரும் அதையே சொல்லியிருப்பார்கள் போல. அவர் சலிப்போடு மேசையில் கிடந்த செய்தித்தாளை என் பக்கம் தள்ளினார். உள்பக்கத்தில் சின்னச் செய்தி ஒன்று. எங்கோ தொலைவில் ஒரு நாட்டின் அரசு, முன்னொரு காலத்தில் தன் குடிமக்களுக்குச் செய்த கொடுமைக்காக மன்னிப்புக் கேட்டிருந்தது. இதை எழுது, அரசாங்கம் எப்போது மன்னிப்புக் கேட்கிறது, எப்போது கேட்பதில்லை என்று பார், இந்த ஜில்லாவில் ஒருவரும் இதை எழுதியிருக்க மாட்டார்கள் என்றார்.

ஒருவரும் எழுதாததற்குக் காரணம் இருந்தது. நூலகத்தில் இதைப் பற்றி ஒரு புத்தகம் கிடையாது.

இரண்டு வாரம் கழித்து வழிகாட்டி ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். வெளிநாட்டில் இருந்த அவருடைய நண்பர் அனுப்பிய இணைய முகவரி. உலகத்தில் எந்த அரசு, யாரிடம், எதற்காக மன்னிப்புக் கேட்டது, அதற்கு ஈடாக என்ன கொடுத்தது என்பதையெல்லாம் யாரோ ஒரு பல்கலைக்கழகத்தில் திரட்டிப் போட்டு வைத்திருக்கிறார்களாம். பெயரையோ சொல்லையோ கொடுத்தால் தேடித் தருமாம். அது எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வண்ணார்பேட்டையில் ஒரு மாடியில் அப்போதுதான் பிரவுசிங் சென்டர் திறந்திருந்தார்கள். அதை நடத்திய அண்ணாச்சி அதே இடத்தில் பல வருடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தவர். முன்னறையில் மூன்று கம்ப்யூட்டர்கள். பின்னறையில் பழைய தட்டச்சு இயந்திரங்கள் எல்லாம் உறை போட்டபடி அப்படியே இருந்தன. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டர் ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம். "நிமிர்ந்து உட்காரவும்" என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தது. இன்ஸ்டிட்யூட் காலத்துப் பலகை அது. இணையத்துக்கும் அது பொருந்தும் என்று அண்ணாச்சி நம்பினார். யாராவது கூன்போட்டு மெயில் படித்தால் பின்னாலிருந்து வந்து முதுகில் ஸ்கேலால் லேசாகத் தொடுவார்.

முதல் நாளே முகவரியில் சிக்கல். நடுவில் பாம்பு நெளிந்த மாதிரி ஒரு குறி இருந்தது. அது கீபோர்டில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணாச்சிக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு மூன்று மொழியில் தட்டச்சு செய்கிறவருக்குத் தெரியாத ஓர் எழுத்தா. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒவ்வொரு கட்டையாகக் குனிந்து பார்த்து, கடைசியில் இடது மேல்மூலையில் கண்டுபிடித்தார். "இங்கன பதுங்கியிருக்கு பாருங்க" என்றார். ஷிப்டை அமுக்கிக்கொண்டு அடிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிறகு மோடம் கத்தி, ஓய்ந்து, பக்கம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக இறங்கியது. சாம்பல் நிறப் பின்னணி, நீல எழுத்து, மேலே தேடுவதற்கு ஒரு கட்டம். படம் ஒன்று கிடையாது. கேட்டது யார், யாரிடம், எதற்கு, என்ன சொற்களில், எல்லோர் முன்னாலா அல்லது கடிதத்திலா, கூடவே பணமோ நிலமோ கொடுத்தார்களா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. நான் முதலில் இந்தியா என்று அடித்தேன். கொஞ்சம்தான் வந்தது; அதிலும் பெரும்பாலும் மற்ற நாடுகள் நம்மிடம் கேட்க மறுத்தவை. அடுத்து விளையாட்டாகத் திருநெல்வேலி என்று அடித்தேன். அப்படி எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

"கேட்டாத்தான இருக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினேன். காத்திருப்போர் பெஞ்சில் இருந்து எழுந்து வந்து என் தோளுக்கு மேலாகப் படித்துக்கொண்டிருந்தார் ஒரு அம்மாள். உயரமானவர், வெளுத்த கைத்தறிப் புடவை, கையில் மஞ்சள் பை. ஆழ்வார்குறிச்சியிலிருந்து சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் வருகிறவர் என்றும், தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர் என்றும், மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் மெயிலைப் படித்துப் பதில் போட்டுவிட்டுப் போவார் என்றும் அண்ணாச்சி சொன்னார். அவருடைய கம்ப்யூட்டரில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம், இது நன்றாயிருக்கிறது, இன்னும் கொஞ்சம் கீழே தள்ளு என்றார்.

அன்றைக்கு அவர் மகனுடைய மெயிலைப் படிக்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை எனக்கு முன்பே வந்து பக்கத்து நாற்காலியைப் பிடித்து வைத்திருந்தார். அவருக்கு ஆங்கிலம் மெதுவாகப் படிக்க வரும். ஆனால் சட்ட மொழியில் இருந்த நீண்ட வாக்கியங்களை நான்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் சொந்தக் குடிமக்களையே முகாமில் அடைத்த நாடு. தாயிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோன நாடு. கேட்க வேண்டியவர்கள் எல்லாம் செத்த பிறகு கேட்ட நாடு. ஒவ்வொன்றாகத் தேடி அண்ணாச்சியின் பிரிண்டரில் அச்செடுப்போம். அது பல் துலக்குகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டே ஓரத்தில் ஓட்டை போட்ட தாளைத் துப்பும்.

மூன்றாவது வாரம் டீச்சர் மஞ்சள் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். அச்செடுத்த மன்னிப்புகளுக்கு மதிப்பெண் போடத் தொடங்கினார். பத்துக்கு எவ்வளவு என்று.

அவருடைய முறை எளிமையானது. வாக்கியத்தில் எழுவாய் இருக்க வேண்டும். தவறுகள் நிகழ்ந்துவிட்டன என்றால் பாதி மதிப்பெண் போய்விடும். மழை பெய்தது மாதிரி அதுவாகவா நிகழ்ந்தது, யார் செய்தது என்று கேட்பார். என்ன செய்தோம் என்பதைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால் என்று 'இருந்தால்' போட்டால் முட்டைதான். வருந்துகிறோம் என்பது வேறு, மன்னிப்புக் கேட்கிறோம் என்பது வேறு. வருத்தம் சாவு வீட்டுக்கு வந்தவனும் படுவான், அதற்கு அவன் கொன்றிருக்க வேண்டியதில்லை என்றார். ஆங்கிலப் புத்தகங்களில் பின்னால் நான் பக்கம் பக்கமாகப் படித்தது இதைத்தான். டீச்சர் தாளின் ஓரத்தில் ஒரு வரியில் முடித்திருந்தார்.

பணத்தைப் பற்றி மட்டும் எங்களுக்குள் சண்டை வரும். ஈடு கொடுக்காத மன்னிப்பு வெறும் பேச்சு என்பது என் கட்சி. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. எல்லாவற்றிலும் ஒரு கட்சி வைத்திருந்தேன். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு வாய் திறக்காதவர்களுக்கு அவர் போட்டது இரண்டு.

ஏன் என்று அப்புறம்தான் தெரிந்தது. ஒரு சனிக்கிழமை, "வினாத்தாள்னு போட்டுத் தேடு பிள்ள" என்றார். அடித்தேன். எதுவும் இல்லை. பள்ளிக்கூடம், ஆசிரியர், தற்காலிகப் பணிநீக்கம் என்று வேறு வேறு சொல்லைக் கொடுத்தார். ஒன்றும் வரவில்லை. அவருக்கு அது ஏமாற்றமாகத் தெரியவில்லை. இல்லை என்பதை எழுத்தில் பார்த்துக்கொள்ள விரும்பினார் போல. பிறகு கீழே டீக்கடைக்கு இறங்கி வந்து, நின்றுகொண்டே சொன்னார்.

சுமார் இருபது வருடத்துக்கு முன்னால் வள்ளியூருக்குத் தெற்கே ஒரு உயர்நிலைப் பள்ளியில் அவர் வேலை பார்த்திருக்கிறார். பொதுத்தேர்வு நேரம். கல்வித்துறை அலுவலகத்திலிருந்து வந்த வினாத்தாள் கட்டுகளைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தது அவர். எண்ணிப் பார்க்கையில் ஒரு கட்டு குறைந்தது. மறுநாள் காலை இறைவணக்கத்துக்குப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது ஜீப் வந்தது. வந்த அதிகாரி, தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கொடிமரத்தடியில் நின்று, எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி டீச்சரின் பெயரைச் சொல்லி, வண்டியில் ஏறச் சொன்னார். ஏழு மாதம் வேலை இல்லை. டீச்சரின் மகனிடம் கூடப் படித்த பிள்ளைகள், ஒங்க அம்மா பேப்பரை எங்கல வித்தா என்று கேட்டிருக்கிறார்கள்.

ஏழு மாதம் கழித்து அந்தக் கட்டு அந்த அலுவலகத்திலேயே, ஒரு பீரோவுக்குள் பழைய பதிவேடுகளுக்குப் பின்னால் கிடைத்தது. வெளியே அனுப்பப்படவே இல்லை. டீச்சருக்குச் சம்பளம் முழுவதும் வந்தது. சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே இடமும் கொடுத்தார்கள். உத்தரவில் ஒரே வரி: விசாரணை இத்துடன் கைவிடப்படுகிறது.

"கைவிட்டது விசாரணைய இல்ல, என்னய" என்று சொல்லிவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

அப்படியானால் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியதுதானே என்று நான் சொன்னேன். படித்த திமிரில் சொன்னது. உலகத்தில் அத்தனை நாடுகளும் தாமாகக் கேட்டுவிடவில்லை, யாரோ பல வருடம் கேளு கேளு என்று நச்சரித்திருக்கிறார்கள் என்று தரவுகளோடு விளக்கினேன். டீச்சர் யோசித்தார். யோசித்துவிட்டு மறுபடி மாடியேறி, பின்னறைக் கதவைத் தட்டி, ஒரு மனு அடிக்க வேண்டும் என்று அண்ணாச்சியிடம் சொன்னார்.

அண்ணாச்சிக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பிரவுசிங் சென்டர் ஆரம்பித்த பிறகு தமிழ்த் தட்டச்சுக்கு யாரும் அவரைத் தேடி வந்ததில்லை. உறையை எடுத்து, தூசி தட்டி, புது ரிப்பன் மாட்டி, விளிம்பு பிசகாமல் அடித்தார். டீச்சர் சொல்லச் சொல்ல அவர் கை முன்னால் ஓடியது. கடைசியில் வழக்கப்படி 'தங்கள் கீழ்ப்படிந்துள்ள' என்று அடிக்கப் போனபோது டீச்சர் தடுத்தார்.

"மன்னிப்புக் கேளுன்னு சொல்லுதவ எப்படி அண்ணாச்சி கீழ்ப்படிஞ்சிருப்பா."

அண்ணாச்சி திகைத்துப் போனார். அவர் வாழ்க்கையில் கீழ்ப்படியாமல் ஒரு மனு முடிந்ததில்லை. கடைசியில் 'இப்படிக்கு' என்று மட்டும் போட்டார், மனசில்லாமல்.

அலுவலகத்துக்கு நானும் போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். பிரிவு எழுத்தர் நல்ல மனிதர். மனுவை இரண்டு தரம் படித்தார். பென்ஷனா, நிலுவையா, இன்கிரிமெண்டா என்று கேட்டார். எதுவும் இல்லை என்றார் டீச்சர். எழுத்தர் தலைப்புகளின் பட்டியலை எடுத்து விரலை ஓட்டினார். மன்னிப்பு என்று ஒரு தலைப்பே கிடையாது, தலைப்பு இல்லாமல் கோப்பு திறக்க முடியாது என்றார் உண்மையான வருத்தத்தோடு. நான் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தை நினைத்துக்கொண்டேன். கடைசியில் 'இதர' என்ற தலைப்பின் கீழ் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

முதல் பதில் ஒன்றரை மாதத்தில் வந்தது. தங்களுக்குச் சேர வேண்டிய தொகை ஏதும் நிலுவையில் இல்லை எனத் தெரிவிக்கப்படுகிறது. டீச்சர் அதற்கு முட்டை போட்டார். அண்ணாச்சி இரண்டாவது மனுவை அடித்தார். இரண்டாவது பதில் கொஞ்சம் மேல். மேற்படி நிகழ்வினால் தங்களுக்கு ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருப்பின் அதற்காக வருத்தம் தெரிவிக்கப்படுகிறது. டீச்சர் அதைச் சனிக்கிழமை கொண்டுவந்து மேசையில் விரித்து, எங்கள் கண் முன்னால் திருத்தினார். 'ஏதேனும்' அடிக்கோடு. 'ஏற்பட்டிருப்பின்' சுழிப்பு. 'தெரிவிக்கப்படுகிறது' பக்கத்தில், யாரால் என்று ஒரு கேள்வி. கீழே பத்துக்கு மூன்று. அதற்கும் கீழே, இப்படி எழுதியிருக்கலாம் என்று மாதிரி விடை: எங்கள் அலுவலகத்தில் இருந்த கட்டைத் தேடாமல் உங்களைப் பிள்ளைகள் முன்னால் குற்றவாளியாக நிறுத்தினோம். அது எங்கள் தவறு. மன்னிக்க வேண்டுகிறோம்.

அதை அப்படியே உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினார்.

அரசாங்கக் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்துவது குற்றமா என்று எனக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் விசாரித்தேன். அவர் சட்டத்தில் அதற்கும் தலைப்பு இல்லை என்றார்.

பத்து நாளில் நேரில் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. இப்போதிருந்த அதிகாரி நாற்பது வயதைத் தாண்டியவர், கண்ணுக்குக் கீழே தூக்கம் தொங்கியது. திருத்திய கடிதம் அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அதைக் காட்டி, மூன்று போட்டுவிட்டீர்களே டீச்சர், நான்தான் அந்த வரைவை எழுதினேன் என்றார். குரலில் கோபமில்லை. வீட்டுப்பாடத்துக்குக் குறைந்த மதிப்பெண் வாங்கினவர் குரல் அது. பிறகு விளக்கினார். அப்போதிருந்த அதிகாரி உயிரோடு இல்லை. இவர் எழுத்தில் தவறு என்று ஒப்புக்கொள்ள மேலே எழுதிக் கேட்க வேண்டும். கேட்டால் பதில் வர இன்னும் பல வருடம் ஆகும். அதற்குள் மூவருமே இருப்போமா தெரியாது.

"எழுத வேண்டாம். சொல்லலாம்லா" என்றார் டீச்சர்.

அவர் கண்ணாடிக்கு அடியிலிருந்த கடிதத்தை இன்னொரு தரம் படித்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று சொன்னார். எழுவாய் இருந்தது, செய்த காரியம் இருந்தது, 'இருந்தால்' இல்லை. நான் மனதுக்குள் ஒன்பது போட்டேன். டீச்சர் முகம் அசையவில்லை.

"நன்றி சார். ஆனா இது ரூமுக்குள்ள நடந்த காரியம் இல்ல. நாப்பது வரிசை பிள்ளைய நின்னுச்சு."

வெளியே வந்ததும் நான் அவரிடம் எரிந்து விழுந்தேன். அந்த மனிதர் அவ்வளவு செய்ததே பெரிது, இதற்கு மேல் கேட்பது நியாயமில்லை என்றேன். எல்லோர் முன்னாலா, தனியாகவா என்று ஒரு பத்தி உன்னுடைய கம்ப்யூட்டரில் இருக்கிறதே, அதை எதற்குப் போட்டிருக்கிறார்கள் என்று டீச்சர் கேட்டார்.

ஒரு மாதம் சத்தமில்லை. நான் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் மூழ்கிவிட்டேன். பிறகு டீச்சர் ஒரு போஸ்ட் கார்டோடு வந்தார். அதிகாரி தம் கைப்பட எழுதியது, அலுவலக முத்திரை இல்லை. அந்தப் பள்ளிக்கு அடுத்த புதன்கிழமை ஆய்வுக்குப் போவதாகவும், காலை இறைவணக்கத்தின்போது டீச்சர் அங்கே வர முடியுமா என்றும் கேட்டிருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், அப்போதுதான் டீச்சர் பயந்தார். அங்கன போய் நின்னா கால் நடுங்கும், வேண்டாம், அவர் சொன்னதே போதும் என்றார். அண்ணாச்சி மெல்ல ஸ்கேலை எடுத்து வந்து, "நிமிந்து ஒக்காருங்க டீச்சரம்மா" என்றார். டீச்சர் சிரித்துவிட்டார்.

புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் போனோம். வள்ளியூரில் இறங்கி, வேறு வண்டி மாறினோம். பனையும் உடைமரமும் தாண்டிக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. டீச்சர் காலத்தில் அவை இல்லை. பள்ளியும் மாறியிருந்தது. கொடிமரத்தை வேறு பக்கம் மாற்றியிருந்தார்கள். எங்கே நின்றேன் என்று டீச்சர் தேடினார். அந்த இடத்தில் சைக்கிள் நிறுத்துமிடம் வந்திருந்தது.

அதிகாரி வந்தார். இறைவணக்கம் முடிந்ததும் மைக்கைப் பிடித்தார். மைக் இரண்டு தரம் கீச்சிட்டு நின்றுபோனது. அவர் அதைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைத் திறந்து பேசினார். இந்த டீச்சர் இந்தப் பள்ளியில் வேலை பார்த்தார்கள், அவர்கள் செய்யாத தவறுக்காக எங்கள் துறை இதே மைதானத்தில் அவர்களை அவமானப்படுத்தியது, தவறு செய்தது நாங்கள், அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவ்வளவுதான். அரை நிமிடம் இருக்கும். முன்வரிசையில் நின்ற ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. யார் எதைப் பேசினாலும் முடிந்ததும் தட்ட வேண்டும் என்று பழகியிருந்ததால் பலமாகக் கைதட்டினார்கள். டீச்சரும் பழக்கதோஷத்தில் கூடவே தட்டினார். பிறகு தனக்காகத்தான் தட்டுகிறார்கள் என்று தெரிந்து கையை இறக்கினார்.

அழுவார் என்று நினைத்துக் கைக்குட்டை எடுத்து வைத்திருந்தேன். அவர் அழவில்லை. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். பஸ்ஸில் ரொம்ப நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்றார்.

கிளம்பும்போதுதான் அது நடந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வயசான அம்மாள் வந்தார். பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைக்கிற வேலை. டீச்சர் காலத்திலேயே அங்கே இருந்தவர். டீச்சர் அடையாளம் கண்டு நலம் விசாரித்தார். அந்த அம்மாள் பதில் சொல்லாமல் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு ஜீப்புல ஏறதுக்கு முன்ன எங்கிட்ட தண்ணி கேட்டிய டீச்சர். எல்லாரும் பாத்துட்டு நின்னாவ. பயந்துக்கிட்டு நான் காது கேக்காத மாதிரி அங்கிட்டுத் திரும்பிட்டேன்."

டீச்சர் என்னைப் பார்த்தார். அவருக்கு அது நினைவே இல்லை. அப்படி ஒன்றும் நடந்த மாதிரி எனக்குத் தெரியவில்லையே, நீங்கள் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளலாமா, மறந்துவிடுங்கள் என்று தணிவாகச் சொன்னார்.

அந்த அம்மாளுக்குக் கோபம் வந்தது. "நீங்க மறந்துட்டிய. எனக்கு மறக்கலையே. நான் இத்தன வருசமா வச்சிருக்கேன்லா."

நினைவில்லை என்று சொன்னது அந்த அம்மாளிடமிருந்து எதையோ தட்டிவிட்ட மாதிரி ஆகிவிட்டது என்று டீச்சருக்குப் பட்டிருக்க வேண்டும். தொட்டி மேடையில் உட்கார்ந்தார். பக்கத்தில் உட்காரச் சொன்னார். பிறகு, "கேட்டேன். நீ தரல. எனக்கு வருத்தம்தான். இப்ப சரி" என்றார். நடந்ததென்று தெரியாத ஒன்றுக்கு வருத்தப்பட்டதாகச் சொன்னது பொய்தான். அந்த அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இருவரும் ரொம்ப நேரம் பிள்ளைகள், கால்வலி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சைக்கிள்களை எண்ணிக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது பஸ் நாங்குநேரியைத் தாண்டியது. தானும் யாருக்காவது இப்படிச் செய்திருப்போமா என்று யோசித்ததாக டீச்சர் சொன்னார். ஒரு பெண் நினைவுக்கு வந்திருக்கிறாள். மாற்றலாகி வந்த பிறகு, ஆழ்வார்குறிச்சியில் பத்தாம் வகுப்பு. அரைப்பரீட்சையில் கட்டுரையைப் பார்த்து எழுதினாள் என்று சந்தேகப்பட்டு, கையில் ஆதாரம் ஒன்றும் இல்லாமல், வகுப்புக்கு வெளியே இரண்டு நாள் நிற்க வைத்திருக்கிறார். தனக்குச் செய்ததையே தான் ஒரு பிள்ளைக்குச் செய்துவிட்டோம் என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

என் ஆய்வேடு அந்த வருடம் முடிந்தது. டீச்சரின் கதையைச் சேர்க்கட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம் என்றுவிட்டார். அவர் எழுதிய மாதிரி விடையை மட்டும் பெயரில்லாமல் சேர்த்திருந்தேன்; அதை எங்கிருந்து எடுத்தாய் என்று வழிகாட்டி கேட்டார். களப்பணி என்றேன்.

அந்தப் பெண்ணைக் கண்டுபிடிக்க எந்தத் தரவுத்தளமும் தேவைப்படவில்லை. ஆழ்வார்குறிச்சியில் இரண்டு பேரைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. அம்பாசமுத்திரத்தில் கல்யாணமாகி, வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருந்தாள். என்னையும் துணைக்கு அழைத்தார் டீச்சர். கதவைத் திறந்தவளுக்கு முப்பது வயதைத் தாண்டியிருக்கும், கழுத்தில் இஞ்சி டேப். டீச்சரைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டாள். டீச்சர் உட்காரவில்லை. நின்றபடியே, ஆதாரமில்லாமல் உன்னை வெளியே நிறுத்தினேன், அது என் தவறு, மன்னித்துக்கொள் என்று ஒரு வாக்கியம் பிசகாமல் சொன்னார்.

அவள் என்னைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"டீச்சர், நான் பாத்துதான் எழுதினேன். கோனார் நோட்ஸக் கிழிச்சு ஜியாமெட்ரி பாக்ஸுக்குள்ள வச்சிருந்தேன்."

பிறகு டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். எந்தக் கட்டுரை என்று கேட்டார். மழைநீர் பற்றியது என்றாள். அதைப் பார்த்தா எழுத வேண்டும், அவ்வளவு எளிதான தலைப்பாயிற்றே என்று டீச்சர் கடிந்துகொண்டார். அவள் தனக்கு அப்போது எதுவுமே மண்டையில் ஏறாது என்றும், வெளியே நின்ற இரண்டு நாளும் வேப்பமரத்தடியில் காற்றாட நன்றாகத்தான் இருந்தது என்றும் சொன்னாள். இருவரும் அரைமணி நேரம் அதைப் பற்றியே வாதாடினார்கள். எங்களைச் சாப்பிடாமல் போக விடமாட்டேன் என்று அவள் உள்ளே உலை வைத்துவிட்டு வந்து, டீச்சருக்கு ரவிக்கை அளவெடுத்தாள். டீச்சர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றபடியே, கோனார் நோட்ஸில் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.